நர்ஸ் வேடத்துக்கு ஆள் தேவை

2011 ஜூன் 6, திங்கள்

இன்று கிளினிக்கில் நூற்று முப்பத்தெட்டுப் பேர். ஊசி அறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது.

மேட்ரன் கூப்பிட்டு, செவ்வாயும் வியாழனும் மதியத்துக்கு மேல் என்னை நாடகத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டி.பி. பற்றி இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் போட ஒரு தொண்டு நிறுவனம் நாடகம் தயார் செய்கிறதாம். மருந்து விஷயத்தில் தப்பு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டுமாம். தென்னாப்பிரிக்கா வந்து பதினான்கு வருஷம் ஆகிறது, சூலு மொழியும் உனக்கு வரும், நீயே போ லீதியாள் என்றார். பாளையங்கோட்டையில் நர்ஸிங் படிக்கும்போது கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடு மேய்ப்பவனாக நின்றதோடு சரி, அதற்குப் பிறகு மேடை என்று எதையும் நான் பார்த்ததில்லை.

வீட்டில் இவருக்குச் சளி. மப்ளர் கட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார். கணக்கு வாத்தியார் மப்ளரோடு நின்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். மிளகு ரசம் வைத்தேன்.

ஜூன் 7, செவ்வாய்

தகரக் கூரை போட்ட சமூகக் கூடம். உள்ளே வெளியைவிடக் குளிர். நடிகர்கள் ஐந்து பேர், எல்லாரும் இளவயது. நடத்துகிறவர் தண்டேகா, நாற்பது வயதுப் பெண், மெதுவாகப் பேசுகிறார். எழுதிய பிரதி இருந்தால் கொடுங்கள், திருத்தித் தருகிறேன் என்று கேட்டேன். பிரதி கிடையாதாம். இவர்கள் நாடகத்தை எழுதுவதில்லை. ஆளாளுக்கு உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறார்கள். அதை நடித்துப் பார்க்கிறார்கள், மாற்றுகிறார்கள், மறுபடி நடிக்கிறார்கள். கடைசியில் எது நிற்கிறதோ அதுதான் நாடகம்.

வட்டமாக உட்கார்ந்தோம். என் முறை வந்ததும் பெகியின் கதையைச் சொன்னேன். பெகி, முப்பத்தோரு வயது, மரத் தோட்டத்தில் வேலை. மாதக்கணக்கில் இருமல். கிளினிக்குக்கு வராமல் மேட்டுத் தெருவில் இருக்கும் மாசோண்டி என்ற சங்கோமாவிடம் போனார். சங்கோமா என்றால் முன்னோர்களைக் கேட்டுக் குறி சொல்லி, வேரும் இலையும் கொடுத்து வைத்தியம் பார்க்கிறவர். அந்த அம்மா எதையோ காய்ச்சிக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார். போன அக்டோபரில் பெகியை ஒரு டிரக்கின் பின்னால் படுக்க வைத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். நுரையீரல் இரண்டும் டி.பி.

தண்டேகா சுவரில் ஒட்டிய பெரிய தாளில் 'பெகி' என்று எழுதினார். இதுதான் நாடகம் என்றார்.

நொம்வூலா என்ற பெண் மட்டும், அதற்கு முன்னால் அவர் கிளினிக் பக்கமே வரவில்லையா சிஸ்டர் என்று கேட்டாள். தாமதமாக வந்தார், அதுதான் விஷயம் என்றேன்.

பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை ஐந்தாறு தடவை சொல்லியிருக்கிறேன். சர்ச் பெண்கள் கூட்டத்தில் ஒரு தடவை. நன்றாகச் சொல்ல வருகிறது.

ஜூன் 9, வியாழன்

இன்றுபோல் சிரித்து ரொம்ப நாளாயிற்று. நொம்வூலாதான் சங்கோமா. கதவில் தொங்கிய மணித்திரையைத் தலையில் போட்டுக்கொண்டாள். சங்கோமாக்கள் கையில் வைத்திருக்கும் மாட்டு வால் முடிக்குப் பதிலாகத் தரை துடைக்கும் மாப். கண்ணை உருட்டினாள், உறுமினாள், உருண்டாள். பெகியாக நடிக்கும் மந்த்லாவைச் சுற்றி மாப்போடு ஓடினாள். மாத்திரைப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்த நாடகமானாலும் ஒரு சங்கோமாவை உள்ளே விட்டால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்று தண்டேகாவே சொன்னார்.

முடிந்ததும் நொம்வூலா மணித்திரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தாள். நன்றாகத்தானே செய்தாய் என்றேன்.

"எங்க அத்தையும் சங்கோமாதான், சிஸ்டர். ஒருநாளும் இப்படி உருண்டதில்ல. ஆனா மேடையில நின்னா என் உடம்பு தானா இப்படித்தான் போகுது. எங்க கத்துக்கிட்டேன்னே தெரியல."

மாசோண்டியை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தேவையில்லை என்றேன். தூரம், மேட்டுப் பாதை, அந்த அம்மா பேசவும் மாட்டார், சிரிப்பு நன்றாக இருக்கும்போது எதற்குக் கெடுக்க வேண்டும் என்று வரிசையாகக் காரணம் சொன்னேன். நொம்வூலா கேட்டுக்கொண்டே ஷூ நாடாவைக் கட்டினாள்.

ராத்திரிச் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. இவர் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜூன் 14, செவ்வாய்

துணி துவைத்தேன். நொம்வூலா ஒத்திகைக்கு வரவில்லை. மேட்டுத் தெருவுக்குப் போயிருக்கிறாளாம்.

ஜூன் 16, வியாழன்

அரசு விடுமுறை. போயிருக்க வேண்டியதில்லை. போனேன்.

நொம்வூலா வேறு மாதிரி நடித்தாள். மணித்திரையும் இல்லை, மாப்பும் இல்லை. பாயில் கால் நீட்டி உட்கார்ந்து மந்த்லாவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். இருமச் சொன்னாள். ராத்திரி வியர்க்கிறதா, சட்டை தொளதொளக்கிறதா என்று கேட்டாள். அப்புறம் ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டி எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்க ரொம்ப நேரமானது. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். சிரிப்பே வரவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

மாசோண்டியோடு இரண்டு நாள் இருந்ததை அவள் விவரமாகச் சொன்னாள். சுகாதாரத் துறை வைத்தியர்களுக்கு நடத்திய ஒரு பயிற்சிக்கு அந்த அம்மா போயிருக்கிறாராம். டி.பி. மாதிரித் தெரிந்தால் உடனே கடிதம் எழுதிக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கான தாள்கட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. பெகி வந்த அதே வாரம் கடிதம் கொடுத்துக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன், போனான், திரும்பி வந்தான், மறுபடியும் அனுப்பினேன் என்கிறாராம்.

இப்போது அவரிடம் யாரும் போவதில்லை. பெகியைக் கொன்றவள் என்று கதவில் தாரால் எழுதிவிட்டார்கள். பெகியின் அம்மாவும் மாசோண்டியும் சிறுவயதிலிருந்தே தோழிகளாம். அந்தப் பேச்சும் நின்று எட்டு மாதமாகிறது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிளினிக்குக்கு நாளொன்றுக்கு நூற்று நாற்பது பேர் வருகிறார்கள், வரிசையைப் பார்க்க நர்ஸ் இரண்டே பேர், எத்தனையோ தாள் வரும், தொலையும் என்று சொன்னேன். அது உண்மைதான். நாலு மணிக்குக் கதவை அடைக்க வேண்டும் என்பதும் உண்மைதான்.

ஜூன் 19, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கி ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்தேன். மூன்று வருஷப் பழைய பெருங்காயம் கிடைத்தது. இவர் வந்து, தலைவலியா என்றார். ஆமாம் என்றேன்.

மலைச்சரிவில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரி.

ஜூன் 21, செவ்வாய்

போகாமலே இருந்திருக்கலாம். மேட்ரனிடம் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம்.

நாடகத்தில் இப்போது கிளினிக் காட்சி ஒன்று வேண்டும் என்றார் தண்டேகா. நொம்வூலா மாசோண்டியாகிவிட்டாள், மந்த்லா பெகி, மற்ற மூவரும் வரிசையில் நிற்கும் நோயாளிகள். நர்ஸுக்கு ஆள் இல்லை. இன்றைக்கு மட்டும் நீங்கள் நில்லுங்கள் சிஸ்டர், வசனமெல்லாம் வேண்டாம், கிளினிக்கில் எப்படி இருப்பீர்களோ அப்படி இருங்கள் என்றார். இரண்டு தடவை மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை மறுத்தால் அசிங்கமாக இருக்கும்.

ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர் கேட்டேன், வெப்பம் பார்த்தேன், சீட்டு எழுதினேன். நன்றாகவே இருந்தது. மந்த்லா வந்தான். இருமிக்கொண்டே ஒரு தாளை நீட்டினான்.

நான் தாளை வாங்கவில்லை. சுவரைப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் கடிகாரமே கிடையாது. "மூடுற நேரம். திங்கக்கிழமை வாங்க" என்றேன். சூலுவில் சொன்னேன். திக்காமல் வந்தது.

மந்த்லா ஒன்றும் பேசாமல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

"பெகியும் அப்படித்தான் மடிச்சார்" என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

தண்டேகா, இன்றைக்கு இது போதும் என்றார். நொம்வூலா ஒரு கோப்பை டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 22, புதன்

எழுதிவிடுகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை, அக்டோபர் முதல் தேதி. டர்பனில் இவருடைய சிநேகிதர் மகளுக்கு நிச்சயதார்த்தம். நாலு மணிக்குக் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். பட்டுப்புடவையைப் பையில் வைத்து அலமாரியில் பூட்டியிருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து நின்றபடியே வேலை. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெகி வந்தார். வரிசையில் அவர்தான் கடைசி. நடந்தே வந்திருக்க வேண்டும், முழங்கால் வரை புழுதி. கையில் தாள். மேலே 'பாரம்பரிய வைத்தியர்' என்று அச்சடித்திருந்தது, ஓரத்தில் ஒரு செம்மண் விரல் ரேகை. இவர்கள் எழுதுவதை நான் என்ன படிப்பது என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொன்னேன். அவர் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வந்தார். அன்று நான் குழந்தைகள் தடுப்பூசியில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பார்த்தபோது இல்லை. நிற்க முடியாமல் போயிருப்பார். யாரையாவது அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அப்புறம் டிரக். அவர் இறந்த அன்று உடுப்புகளைக் கட்டி வைத்தது நான்தான். சட்டைப் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஃபைலில் சேர்க்க வேண்டியவை. பழைய கட்டுத்துணி போடும் பெட்டியில் போட்டேன், மூடினேன். அடுத்த வாரமே பயிற்சி வகுப்பில், சங்கோமாவிடம் போய்த் தாமதமாக வந்த ஒருவர் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அதுதான் நடந்தது மாதிரி ஆகிவிட்டது.

மாசோண்டியின் பெயரையும் சொன்னேன். சர்ச்சில். எனக்குத் தெரிந்து முதலில் சொன்னது நான்தான்.

ஜூன் 23, வியாழன்

காலையில் இவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு வெளிய நின்னு ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தது நாந்தானே. அதயும் சேத்துச் சொல்லு."

அதை நான் சேர்க்கப் போவதில்லை. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

மதியம் கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். முதல் நாள் உட்கார்ந்த மாதிரியே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை நன்றாகச் சொல்ல வரவில்லை. மந்த்லா எழுந்து வெளியே போய்விட்டான். அவனுடைய அண்ணனும் டி.பி.யில் போனவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. தண்டேகா சுவரில் இருந்த தாளை எடுக்கவில்லை, அதன் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டினார். இதை நாடகத்தில் வைக்கலாமா வேண்டாமா என்பதை நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது, முதலில் மாசோண்டியிடம் கேட்க வேண்டும் என்றார்.

ஜூன் 25, சனி

நொம்வூலா கூட வந்தாள். மேட்டுப் பாதை அவ்வளவு ஒன்றும் தூரமில்லை.

கதவில் தார் எழுத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், முழுதாகப் போகவில்லை. உள்ளே வட்டமான குடிசை, புல் கூரை. செருப்பைக் கழற்றிவிட்டு, நொம்வூலா செய்த மாதிரியே மண்டியிட்டுக் கைதட்டி, "மகோசி" என்று வணங்கினேன். சங்கோமாக்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் முன்னோர்களுக்கும் சேர்த்து அந்த மரியாதை. நான் எதிர்பார்த்த ஆள் வேறு. மாசோண்டிக்கு என் வயதுதான் இருக்கும். சிவப்புத் துணிக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. செல்போன் சார்ஜில் கிடந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று சூலுவில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பாதியில் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்த சூலுவில் சொல்லி முடித்தேன். அவர் எழுந்து வெளியே போனார். கோழிகளைத் துரத்தும் சத்தம், வாளியைக் கீழே வைக்கும் சத்தம். நொம்வூலா என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விடலாமா என்று நினைத்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"கடிதத்தைப் படிச்சியா?"

"இல்ல."

"அப்ப நான் சொல்றேன். எனக்கு எழுத்து சரியா வராது, ஒரு கடிதம் எழுத ஒரு மணி நேரம் ஆகும். அதனால மறக்காது." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இவர் பேர் பெகி ம்தெம்பு. மூணு வாரமா இருமல். ராத்திரி வேர்க்குது. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டிருக்கார். இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. தயவுசெஞ்சு பாருங்க."

இத்தனை வருஷமாக எங்கள் டாக்டர்கள் எழுதிய எத்தனையோ கடிதங்களைப் படித்திருக்கிறேன். 'என்னிடம் மருந்து இல்லை' என்று எழுதிய ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மன்னிப்பைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாடகத்தில் வைக்கலாமா என்று நொம்வூலாதான் கேட்டாள். வைக்கலாம், ஆனால் பெகியின் அம்மாவுக்கு முதலில் தெரிய வேண்டும், அதுவும் இந்த நர்ஸ் வாயால்தான் தெரிய வேண்டும் என்றார். அதற்கு அப்புறம் ஊருக்கு. தன்னைப் பற்றி ஊர் முழுக்கத்தான் பேசினார்கள், அதனால் ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்றார்.

கிளம்பும்போது நான் குனிந்து செருப்பை மாட்டத் தடுமாறினேன். கையைக் கொடுத்தார்.

ஜூன் 28, செவ்வாய்

மாசோண்டி ஒத்திகைக்கு வந்தார். நாற்காலியில் நேராக உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். இப்போது அவள் செய்யும் மாசோண்டி மெழுகுவர்த்தி மாதிரி இருக்கிறாள். மெதுவாகப் பேசுகிறாள், எல்லாரையும் தடவிக் கொடுக்கிறாள்.

முடிந்ததும் மாசோண்டி முதலில் ஒரு விஷயம் கேட்டார். மேடையில் புகை போட என்ன இலை எரித்தீர்கள் என்றார். முன்னோர்களை அழைக்கும் நிஜமான செடியைத்தான் நொம்வூலா வாங்கி வந்திருந்தாள். அதை வேண்டாம் என்றார். வெறும் காய்ந்த புல்லை எரியுங்கள், வேலை இல்லாமல் அவர்களைக் கூப்பிடக் கூடாது என்றார். எல்லாரும் தலையாட்டினோம். அப்புறம் சொன்னார்:

"நான் அவ்வளவு நல்லவ இல்ல. அந்த வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வந்தப்ப நான் கத்தினேன். கிளினிக்காரங்களைத் திட்டினேன், அவனையும் திட்டினேன், படுக்கப் போடாம மறுபடி நடக்க வெச்சேன். அதையும் போடுங்க. முன்னாடி என்னைப் பிசாசு ஆக்கினீங்க, இப்ப சாமி ஆக்குறீங்க."

தண்டேகா வாய்விட்டுச் சிரித்தார். மாசோண்டியும் சிரித்தார். நொம்வூலா மறுபடி செய்தாள், இந்தத் தடவை கத்தினாள். மந்த்லா நிஜமாகவே பயந்துபோனான்.

ஜூலை 2, சனி

பெகியின் அம்மா வீடு. தனியாகப் போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை, சட்டைப் பை, கடிதம். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டைத் திறக்கவும் இல்லை. நான் முடித்ததும் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்றேன். அவருடைய நாய் மட்டும் கேட் வரை வந்து என்னைப் பார்த்தது.

ஜூலை 4, திங்கள்

மேட்ரனிடம் எழுத்தில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். இதை நீ எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, ஃபைலில் ஒன்றும் இல்லை என்றார். ஃபைலில் ஒன்றும் இல்லாததற்குக் காரணமும் அதில் இருக்கிறது, மூன்றாவது பாரா என்றேன்.

ஜூலை 11, திங்கள்

விசாரணை. எழுத்து மூலமான எச்சரிக்கை. மூன்று மாதம் புண் கட்டும் அறையில் மட்டும் வேலை. வேலையே போயிருக்கலாம். தங்கை ஊரிலிருந்து பேசினாள், ஏதோ பதில் சொல்லி வைத்தேன்.

ஜூலை 16, சனி

நர்ஸ் வேடத்துக்குக் கடைசி வரை ஆள் கிடைக்கவில்லை. தேடியதாகவும் தெரியவில்லை. நானே நின்றேன்.

மேட்டுத் தெருவுக்குக் கீழே பள்ளிக்கூட மைதானம். வெயில் நன்றாக இருந்தது. முந்நூறு பேராவது இருப்பார்கள். நொம்வூலா சிவப்புத் துணியோடு வந்ததும் கூட்டம் பழக்கத்தில் சிரிக்கத் தயாரானது. அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். முன் வரிசையில் ஒரு சிரிப்புக் கிளம்பி அப்படியே நின்றுபோனது. அவள் கத்தியபோது நன்றாகச் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. இப்படித் திட்டு வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர்.

என் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் பேச்சு. அதுதான் இவர்கள் வழக்கம், பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம். ஒரு பெரியவர் எழுந்து, அந்த நர்ஸ் நிஜத்தில் யார் என்று கேட்டார். தண்டேகா என்னைப் பார்த்தார். நான்தான் என்றேன். மாசோண்டி எழுதிய கடிதத்தை, அவர் சொன்ன அதே வார்த்தைகளில், நான் படிக்காத அந்தக் கடிதத்தைச் சொன்னேன்.

சத்தம் வந்தது. ஒருவர் என்னை நோக்கிக் கையை நீட்டித் திட்டினார். ஒரு பெண் எழுந்து, என் தங்கையையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினீர்கள் என்றாள். இன்னொருவர். இன்னொருவர். நின்று கேட்டேன். இவர் கூட்டத்தின் பின்னால் மப்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் வர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

பெகியின் அம்மா வந்திருந்தார். எனக்கு நேர் எதிரே, தனியாக. அவர் எழுந்ததும் மெல்லச் சத்தம் அடங்கியது. என்னிடம் வரப்போகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போனார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாசோண்டியின் பக்கத்தில் போய், கொஞ்சம் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். மாசோண்டி தன் பாயைப் பாதி நகர்த்திக் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கூட்டம் கலையும் வரை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

ஜூலை 17, ஞாயிறு

சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, போன வருஷம் நான் இங்கே சொன்னது பொய் என்று சொன்னேன். பாஸ்டர் அடுத்த பாட்டை இரண்டு தடவை பாட வைத்தார்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

நாடகம் எட்டு ஊர் போயாகிவிட்டது. எனக்குப் பதிலாக இப்போது ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் செய்கிறாளாம். மந்த்லா இன்றைக்குக் கிளினிக் வாசலில் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நான் வெளியே வருவதற்குள் வண்டி போய்விட்டது.

ஆகஸ்ட் 18, வியாழன்

புண் கட்டும் அறையில் இரண்டு பேர் வேலை பார்க்கிறோம், இரண்டு பெஞ்சு. காலையில் பெகியின் அம்மா வந்தார். கஞ்சிப் பானை கவிழ்ந்து கை வெந்திருந்தது. மற்ற நர்ஸின் பெஞ்சில் ஆளே இல்லை. என் பெஞ்சில் நாலு பேர். நாலாவது ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

முறை வந்ததும் கையை நீட்டினார். நான் உப்புத்தண்ணீரில் கழுவ ஆரம்பித்தேன். வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"நாடகத்துல என் மகன் ஒண்ணுமே பேசாம போறான். நிஜமாவே பேசலையா?"

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தண்டேகாவிடம் இல்லை, மாசோண்டியிடம் இல்லை, மேட்ரனுக்கு எழுதிக் கொடுத்ததில் இல்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"பேசினார். 'நன்றி, சிஸ்டர்'னு சொன்னார். சொல்லிட்டுத்தான் போனார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது, மகன் சொன்னதைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிற மாதிரி.

"ஆமா," என்றார். "நான் அப்படித்தான் வளத்தேன்."

களிம்பு தடவினேன். விரல் விரலாகப் பிரித்துக் கட்டுப் போட்டேன், எங்கேயும் இறுக்காமல். கட்டி முடித்த பிறகும் அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. வெளியே அடுத்தவர் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்தார்.